கிஸ்தியும் வாக்கும்: சேலம், நாமக்கல் சமவெளியில் ஆட்சி கைமாறிய வரலாறு

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையில் விரிந்துகிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி 1792ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த ஆண்டு தொடங்கி, இங்கு வயதுவந்தோர் அனைவரும் வாக்குச்சாவடிக்குச் செல்லலாம் என்றான 1952 வரையிலான 160 ஆண்டுகளின் அரசியல் வரலாற்றை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்துவிட முடியும். வரி கட்டுகிறவருக்கு, அந்த வரியை விதிப்பதிலும் செலவிடுவதிலும் என்ன சொல் இருந்தது என்பதே அக்கேள்வி. விடுதலைப் போராட்டம் என்றதும் ஊர்வலமும் சிறைவாசமும் நினைவுக்கு வருவது இயல்புதான். அவற்றுக்கு இந்தச் சமவெளியிலும் குறைவில்லை. ஆனால் ஆட்சி என்னும் பொருள் இங்கு உண்மையில் கைமாறிய இடங்கள் நிலவரிக் கணக்கும், நகராட்சி மன்றமும், கள்ளுக்கடை ஏலமுமே ஆகும்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்பது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களைச் சுட்டிய பழைய பெயர். புதிதாகக் கிடைத்த நாட்டை ஆள அனுப்பப்பட்டவர்கள் வணிக அலுவலர்கள் அல்லர். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியும், அவருக்கு உதவியாக கிரகாம், தாமஸ் மன்றோ, மெக்லியாடு என்ற மூன்று படை அதிகாரிகளுமே வந்தனர். வடக்கை கிரகாமும் நடுப்பகுதியை மன்றோவும் ஏற்க, சேலமும் நாமக்கல்லும் அடங்கிய தென்பகுதி மெக்லியாடின் பொறுப்பில் விழுந்தது. இவர்கள் வகித்த பதவியின் பெயர் கலெக்டர், அதாவது வசூலிப்பவர். தமிழில் இப்பதவியைத் தண்டலர் என்று எழுதிய காலமும் உண்டு. தண்டல் என்றால் வரி வசூல் என்று பொருள். இன்று வழங்கும் மாவட்ட ஆட்சியர் என்ற சொல்லைவிட அந்தப் பழைய சொல் பதவியின் பிறப்பை நேர்மையாகக் காட்டுகிறது.

கம்பெனிக்கும் உழவருக்கும் இடையில் நின்ற பாளையக்காரர், குத்தகைதாரர் போன்றோரை விலக்கிவிட்டு, ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, அதன் மண்ணைத் தரம்பிரித்து, அதை உழுகிறவரின் பெயரிலேயே தீர்வையைப் பதிவது ரீடும் மன்றோவும் இங்குப் படிப்படியாகக் கண்டெடுத்த முறையாகும். முதலில் ஊர் முழுவதையும் ஐந்தாண்டுக்குக் குத்தகையாக விடவே எண்ணினர். ஆனால் அளவை முன்னேற முன்னேற, ஒருவர் கட்டத் தவறியதை ஊரார் எல்லாரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டிய அந்த ஏற்பாடு நடைமுறைக்கு ஒவ்வாது என்று கண்டனர். 1796இல் ரீடு வெளியிட்ட அறிவிப்பு, உழவர் தாம் விரும்பும் நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விட்டுவிடவும் ஆண்டுதோறும் உரிமை அளித்தது. குடியானவரோடு அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ரயத்துவாரி என்று பெயர். ரயத்து என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய இம்முறை, இந்த மேட்டுநிலச் சோளக்காட்டிலும் ராகிக்காட்டிலுமே முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இதன்வழி உழவரின் கைக்கு வந்த தாள் பட்டா. அதில் நிலத்தின் பரப்பு, நஞ்சையா புஞ்சையா தோட்டமா என்ற தரம், கட்டவேண்டிய தொகை ஆகியன எழுதப்பட்டிருந்தன. தொகையை அறுவடையை ஒட்டிப் பல தவணைகளாகச் செலுத்தவேண்டும், அத்தவணைக்குக் கிஸ்தி என்று பெயர். ஆண்டுக்கொருமுறை கலெக்டரோ அவருடைய கீழதிகாரியோ முகாமிட்டு, ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்து, யார் எவ்வளவு கட்டவேண்டும் என்று முடிவுசெய்த நிகழ்ச்சி ஜமாபந்தி எனப்பட்டது. அந்த முகாமில் எழுதப்பட்ட எழுத்தே உழவருடைய ஆண்டின் விதியாக இருந்தது. பட்டா என்பது ஒருவகையில் உரிமைச் சீட்டு. தமது பெயர் அரசின் ஏட்டில் ஏறுவதைக் குடியானவர் பெருமையாகவே கருதினர். மற்றொருவகையில் அது கடன் சீட்டு. வானம் பொய்த்தாலும் கிணறு வற்றினாலும் தொகை மாறவில்லை. தீர்வையை எவ்வளவாக வைப்பது என்பதில் மட்டும் உழவரை யாரும் கலந்துகொள்ளவில்லை.

இந்த முறையையும் கம்பெனி நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. வங்காளத்தில் நடந்ததுபோல் நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்து ஜமீன்தார்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கல்கத்தாவிலிருந்து வந்த வற்புறுத்தலின் பேரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சேலம் மாவட்ட ஊர்கள் மிட்டா என்ற தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. மிட்டாவை வாங்கியவர் மிட்டாதார் ஆனார். விதித்த தொகை அளவுக்கு மீறியதாக இருந்தமையால் மிட்டாதார்கள் பலர் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போக, அவர்களது ஊர்கள் ஒவ்வொன்றாக அரசின் கைக்கே திரும்பின. மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1820களில் ரயத்துவாரியே பொதுவிதியாக நிலைபெற்றது. தப்பிப் பிழைத்த மிட்டாக்களும் ஜமீன்களும் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நீடித்தன. ஆளும் கை எதுவாயினும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடம் இந்தச் சமவெளியின் மேற்கெல்லையில் நிற்கும் சங்ககிரிக் கோட்டையே.

நிர்ணயித்த தொகை எவ்வாறு வசூலானது என்பதை 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவுசெய்துள்ளது. கிஸ்தி கட்டத் தவறிய குடியானவர்மீது கீழ்நிலை வருவாய்ப் பணியாளர்கள் பயன்படுத்திய இரண்டு கொடுமைகளை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒன்று கிட்டி: இரு மரக்கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள் என்று வழங்கியது: ஆளைக் குனியவைத்து, கழுத்தின்மேல் போட்ட கயிற்றையோ அவருடைய துணியையோ கால்விரல்களுக்கு அடியில் கொண்டுவந்து கட்டி, வெயிலில் அப்படியே நிறுத்திவைப்பது. மாகாணம் முழுவதற்குமான அறிக்கைதான் இது. ஆனால் ரயத்துவாரி பிறந்த மண்ணை இதிலிருந்து விலக்கிப் பார்க்கக் காரணம் எதுவுமில்லை. சட்டம் தாளில் கனிவாகவும் களத்தில் கொடியதாகவும் இருந்தது. கேட்கும் மன்றம் ஒன்று இல்லாத இடத்தில் அவ்வாறுதான் இருக்கும் என்பதை, அந்த விசாரணைக்கு வழிவகுத்த முறையீடுகளை அனுப்பிய சென்னைவாசிகள் அன்றே உணர்ந்திருந்தனர்.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம், பட்டினியை மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கிலேயே எழுதிவிட்டுப் போனது. 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 லட்சமாக இறங்கியிருந்தது. பத்தாண்டுகளில் வளர்ந்திருக்கவேண்டிய ஒரு மாவட்டம் ஐந்தில் ஒரு பங்கை இழந்து நின்றது. காலனி ஆட்சியின் பயன்களைப் பட்டியலிடுவோர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில்தான் ஆளப்படுவோருக்கு ஆட்சியில் ஓர் ஓரத்தில் இடம் தரும் ஏற்பாடுகளும் தொடங்கின. சேலம் நகராட்சி 1866இல் அமைக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் நகராட்சிகளில் தேர்தலுக்கு இடமளித்ததோடு, ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, ஊர்களின் தொகுதியான யூனியன் என மூன்றடுக்கு உள்ளாட்சியையும் உருவாக்கின. இவற்றில் வாக்களிக்கும் உரிமை, வீட்டுவரி, தொழில்வரி, நிலவரி ஆகியவற்றில் குறிப்பிட்ட தொகை கட்டியவருக்கு மட்டுமே உண்டு. வரி கட்டுவது அதுவரை சுமையாக மட்டுமே இருந்தது. இப்போது அது வாக்குரிமைக்கு நுழைவுச்சீட்டாகவும் ஆயிற்று. இந்த விதி, அளவுகள் தளர்ந்துகொண்டே வந்தாலும், 1952 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

அந்த நகராட்சி மன்றத்தின் உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியாரின் வழக்கு, குடிமகன் ஒருவன் ஏகாதிபத்திய அரசை அதன் சட்டத்தாலேயே நிற்கவைத்த கதை என்பதால், சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 1882 ஆகஸ்டில் சேலத்தில் மசூதி ஒன்றைத் தொட்டு எழுந்த தகராறு பெரும் கலவரமாக வெடித்தது. இளம் வழக்கறிஞரான விஜயராகவாச்சாரியார் அதைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனைக்கு உள்ளானார். நாடுகடத்தல் என்றால் அன்று அந்தமான். மேல்முறையீட்டில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அத்துடன் வீட்டுக்குப் போய் அமைதியாக இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை, இடைப்பட்ட காலத்தில் அரசு தம்மை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது முறையற்றது என்று, இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அமைச்சரான இந்தியச் செயலாளர்மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கில் வென்று, பதவியை மீளப் பெற்றதோடு 100 ரூபாய் இழப்பீடும் பெற்றார். தம்மோடு தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுதலைக்கும் பாடுபட்டார். 100 ரூபாய் அன்றைக்கும் பெருந்தொகை அன்று. ஆனால் அரசு கூடத் தன் செயலுக்குக் காரணம் காட்டவேண்டும், காட்டத் தவறினால் ஈடு தரவேண்டும் என்ற கருத்து, அரசியல் சாசனம் பிறப்பதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே சேலத்துக்காரர் ஒருவர் வழியாக நீதிமன்ற ஏட்டில் ஏறியது.

1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் விஜயராகவாச்சாரியார் கலந்துகொண்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலுக்கு முன் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து வாக்காளரிடம் எடுத்துச் சொல்ல அனுப்பப்பட்ட மூவரில் ஒருவர் சேலம் ராமசாமி முதலியார். விஜயராகவாச்சாரியார் பின்னர் சென்னைச் சட்டமன்றத்திலும் டெல்லி பேரரசுச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்து, 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார். அமைதியான, நியாயமான வழிகளில் சுயராஜ்யம் அடைவதே குறிக்கோள் என்று காங்கிரசு தன் அமைப்பு விதியைத் திருத்தியதும், ஆங்கிலேயர் வகுத்த மாகாண எல்லைகளை விட்டு மொழிவாரியாகத் தன் கிளைகளை அமைத்ததும் அந்தக் கூட்டத்தில்தான். காந்தியின் ஒத்துழையாமையில் தலைவருக்கே முழு உடன்பாடு இல்லை. சட்டத்தின் வழியே அரசை வென்று பழகியவருக்கு, நீதிமன்றத்தைப் புறக்கணி என்ற அழைப்பு உவப்பாக இராததில் வியப்பில்லை. அன்றைய காங்கிரசு இந்தக் கருத்து வேறுபாட்டைத் தாங்கும் அளவுக்கு விரிந்ததாக இருந்தது.

தொரப்பள்ளியில் பிறந்து, 1900 முதல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய ச. இராஜகோபாலாச்சாரியார் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து சேலத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தத் தண்ணீரை அக்கிரகாரத் தெருவுக்குத் திறந்துவிடும் வேலையில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பணியாளர் இருந்தார் என்று அத்தெருவாசிகள் கிளப்பிய எதிர்ப்புக்குத் தலைவர் இணங்கவில்லை. தண்ணீர் யார் கைபட்டு வருகிறது என்ற இச்சண்டை, சுயாட்சி என்பது வெள்ளையரிடமிருந்து பெறவேண்டியது மட்டுமா என்ற வினாவையும் உடன் கொண்டுவந்தது. இதே வினாவை ராசிபுரத்தில் பிறந்து, 'தமிழ்நாடு' இதழை நடத்திய பெ. வரதராஜுலு நாயுடு, சேரன்மாதேவி குருகுலத்தில் சாதிப் பந்தி பிரித்ததை எதிர்த்து 1920களில் இன்னும் உரக்க எழுப்பினார். 1944 ஆகஸ்ட் 27இல் நீதிக்கட்சி தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டதும், அரசு தந்த பட்டங்களைத் துறக்கவேண்டும் என்று அண்ணாதுரையின் பெயரால் தீர்மானம் இயற்றியதும் சேலத்து மாநாட்டிலேதான். விடுதலை யாருக்கு என்ற கேள்விக்கு இச்சமவெளி ஒரே விடையைத் தரவில்லை.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சி என்ற அமைப்பை நிறுவியது. ஆட்சித்துறைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன: நிதி, காவல், நிலவரி போன்றவை ஒதுக்கப்பட்ட துறைகளாக ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் நின்றன; கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, கலால் போன்றவை மாற்றப்பட்ட துறைகளாகச் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. வாக்குரிமை மக்கள்தொகையில் மிகச் சிறு பங்கினருக்கே இருந்தது. சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கும் அதை 1921இல் வழங்கியதில் சென்னை மாகாணம் மற்றவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை இந்த அமைப்பின்கீழ் முதன்மை அமைச்சராக இருந்தவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் ப. சுப்பராயன். எந்தக் கட்சியையும் சாராமல் அமைந்த அவருடைய அமைச்சரவையில் முத்தையா முதலியார் முயற்சியால் அரசுப் பணிகளில் வகுப்புவாரி ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இன்றைய இடஒதுக்கீட்டின் வேர்களில் அதுவும் ஒன்று. ஆனால் தம் சொந்த ஊர்க் குடியானவர் கட்டிய நிலவரியில் ஒரு ரூபாயைக் குறைக்கும் அதிகாரம் அந்த அமைச்சரிடம் இல்லை. இரட்டையாட்சியின் பொய்மையைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சுப்பராயனின் மனைவி இராதாபாய் சுப்பராயன் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டு, 1938இல் மத்திய சட்டமன்றத்தின் மேலவையில் இடம்பெற்ற முதல் பெண் உறுப்பினரானார்.

இரட்டையாட்சியின் சிக்கல் கலாலில் வந்து முடிச்சாயிற்று. கள், சாராயத்தின்மேல் விதிக்கப்பட்ட வரியும், கடைகளை ஏலம்விட்டுப் பெற்ற தொகையும் மாகாண வருவாயில் கணிசமான பங்காக இருந்தன; அமைச்சர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தக் கிடைத்த பணத்தின் முக்கிய ஊற்று குடிகாரரின் மடியே. குடியை நிறுத்தினால் பள்ளியை மூடவேண்டும் என்ற நிலையில் அமைச்சரவைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் இரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் 1925 பிப்ரவரியில் இராஜகோபாலாச்சாரியார் தொடங்கிய காந்தி ஆசிரமம், கதர் நூற்பையும் தீண்டாமை ஒழிப்பையும் போலவே மதுவிலக்கையும் தன் முதற்பணியாகக் கொண்டது. அங்கிருந்து 1929இல் வெளிவந்த 'விமோசனம்' என்ற இதழ் மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்டது. அதில் உடனிருந்து உழைத்தவர் பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. உப்புச் சத்தியாக்கிரகத்தில் வேதாரண்யம் சென்ற தொண்டர்கள் பாடுவதற்கு 1930இல் பாட்டெழுதித் தந்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, 1932இல் அவரும் சிறை சென்றார்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சியை மாகாணங்களிலிருந்து அகற்றி, நிலவரி, காவல் உட்பட எல்லாத் துறைகளையும் அமைச்சரவையின்கீழ் கொண்டுவந்தது. வாக்குரிமை பெற்றவர் தொகை மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக உயர்ந்தது. 1937 தேர்தலில் சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் காங்கிரசு 159 இடங்களை வென்றது. ஜூலையில் இராஜகோபாலாச்சாரியார் பிரதமரானார். அந்நாளில் மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தனர். சுப்பராயன் அந்த அமைச்சரவையில் சட்டத்தையும் கல்வியையும் ஏற்றார். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

சமவெளியின் பனைமரங்களில் பாளையைச் சீவிக் கலயம் கட்டி, நாளுக்கு இருமுறை ஏறி இறங்கிய மரமேறிகளின் பிழைப்பு அன்று ஒரே நாளில் மாறவேண்டியதாயிற்று. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பாளைச்சாறு புளிக்காமல், இப்பகுதியினர் தெளுவு என்று வழங்கும் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகும். சட்டத்துக்கு உட்பட்ட பானமும் சட்டத்துக்குப் புறம்பான பானமும் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பால் பிரிந்து நின்றமையால், மரமேறிகளைக் கருப்பட்டிக் காய்ச்சலுக்குத் திருப்புவதும், கலயங்களைச் சோதிப்பதும் ஆட்சியின் அன்றாட வேலையாயின. இச்சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு மாவட்டக் கலெக்டராக இருந்த டிக்சன் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரியிடம் வந்தது; அவர் அதை முழு மனதோடு செய்தார் என்று பிரதமரே பாராட்டினார். ரீடு, மெக்லியாடு காலம் தொட்டு மேலிருந்த ஆங்கிலேய ஆட்சியாளருக்கு மட்டுமே பதில் சொல்லிவந்த கலெக்டர் நாற்காலி, 145 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகச் சேலத்து மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் கொள்கை ஒன்றை, அதுவும் அரசின் வருவாயைக் குறைக்கும் கொள்கையை, நிறைவேற்றியது. இந்தச் சமவெளியைப் பொறுத்தவரை ஆட்சி கைமாறிய நாள் என்று ஒன்றைக் குறிப்பிடவேண்டுமானால், 1947 ஆகஸ்டுக்கு முன்னால் இந்த அக்டோபர் நாளையும் நிறுத்தியாக வேண்டும்.

இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அதற்கு முந்தைய ஆண்டில் விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டமும் நிறைவேறியிருந்தது. விற்பனை வரி செல்வர்மேல் மட்டும் விழவில்லை, அரிசி வாங்கும் ஏழையையும் தொட்டது என்ற குறை அன்றே எழுந்தது. அது நியாயமான குறையே. ஆனால் யார்மேல் வரி போடுவது என்பதைப் பேரவையில் நின்று வாதிடும் நிலை வந்திருந்தது. 1939 அக்டோபரில், இந்தியரைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து அமைச்சரவை பதவி விலகியது. ஆளுநரின் நேரடி ஆட்சி போர்க்காலத்தில் மதுவிலக்கை நிறுத்திவைத்தது. மக்கள் பிரதிநிதிகள் செய்ததை ஒரு கையெழுத்தால் அழிக்க முடியும் என்று அது காட்டியது. 1946இல் மீண்டும் அமைச்சரவை வந்தபின் மதுவிலக்கும் திரும்பியது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் பரவியது.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பை வகுத்த நிர்ணய சபையில் சுப்பராயன் உறுப்பினராக இருந்தார். ஒருகாலத்துச் சேலம் நகராட்சித் தலைவரான இராஜகோபாலாச்சாரியார் 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்து, அரச முடியின் பெயரால் அப்பதவியை வகித்த கடைசி மனிதரானார். அரசியலமைப்பு, தலைவர் ஒருவருக்கே அதிகாரம் குவியும் முறையை விட்டு, சட்டமன்றத்தின் நம்பிக்கை உள்ளவரையில் மட்டுமே அமைச்சரவை நீடிக்கும் நாடாளுமன்ற முறையைத் தேர்ந்தது. ஆளுநர் மாநிலத்தின் பெயரளவுத் தலைவர். ஆட்சியை நடத்துவது முதலமைச்சரும் அவருடைய அமைச்சரவையும். மூன்று தலைமுறைகளாக நகராட்சியிலும் ஜில்லா போர்டிலும் மாகாண மன்றத்திலும் பழகிவந்த முறை இதுவேயாதலால், அது இம்மண்ணுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. முற்றிலும் புதியது 326ஆம் பிரிவு: அன்றைய விதிப்படி 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும், கிஸ்தி கட்டினாலும் கட்டாவிட்டாலும், எழுதப் படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு வாக்கு.

அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறு நாட்கள் சென்ற 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். அடிப்படை உரிமைகள் எழுதப்பட்ட ஏட்டின் மை உலர்வதற்குள் நேர்ந்த இந்தக் கொலைகளை விடுதலை வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்கிவிடக் கூடாது. விஜயராகவாச்சாரியார் 1880களில் ஆங்கிலேய அரசிடம் கேட்ட கணக்கை, 1950இல் சுதந்திர அரசிடமும் கேட்கவேண்டியிருந்தது. சிறைக்குள் இருந்தவர்களுக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பு கிட்டவில்லை.

1952 தொடக்கத்தில் முடிந்த முதல் பொதுத்தேர்தலில், பட்டாதாரரோடு பண்ணையாளும், தறி உரிமையாளரோடு கூலிக்கு நெய்தவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். சென்னைச் சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152, பெரும்பான்மை இல்லை. இந்நிலையில் ஆளுநர் ஸ்ரீபிரகாசா இராஜகோபாலாச்சாரியாரைத் தேர்தலில் நிற்காமலேயே மேலவைக்கு நியமித்து, ஏப்ரல் 10 அன்று முதலமைச்சராக்கினார். அனைவருக்கும் வாக்குரிமை என்ற விதியின்கீழ் அமைந்த முதல் அமைச்சரவைக்கு, அந்த வாக்கைக் கேட்காத ஒருவர் தலைமை ஏற்றது, அவருடைய ஆற்றல் எத்தகையதாயினும், அவ்விதிக்குச் செய்த மரியாதை ஆகாது. அதே ஆட்சி 1954இல், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர் பெயரிட்ட கல்வித் திட்டத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் முன்னே முடிவுக்கு வந்தது.

மேலே இருந்தவர்கள் மாறிய அளவுக்கு ஊர்மட்டத்தில் ஆட்சி மாறவில்லை. ரீடின் காலத்தில் கம்பெனியின் கணக்குக்குள் சேர்க்கப்பட்ட மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகள் குடியரசு வந்த பின்னும் பெரும்பாலும் அதே குடும்பங்களிலேயே தகப்பனுக்குப் பின் மகனாகத் தொடர்ந்தன. மணியக்காரர் வரியை வசூலித்தார். கணக்குப்பிள்ளை, யார் எந்த நிலத்தில் எந்தப் பயிரை வைத்திருக்கிறார் என்பதைக் காட்டும் அடங்கலையும், ஒருவருடைய நிலங்களை எல்லாம் தொகுத்துக் காட்டும் சிட்டாவையும் எழுதினார். வாக்குப் பெற்ற உழவர்கூடத் தமது நிலத்தின் எழுத்துக்கு அவர்கள் வீட்டுத் திண்ணையில் காத்து நின்றனர். சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாகப் பிரிந்து, தத்தமக்கென ஆட்சியரைப் பெற்றன. மக்களை ஆட்சிக்கு அருகில் கொண்டுவந்தன இப்பிரிவினைகள். ஆனால் திண்ணையில் மாற்றம் வந்தது 1980 நவம்பரில், எம்.ஜி. இராமச்சந்திரனின் அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தையும் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தபோதுதான். பதவியிழந்தோர் தொடுத்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பரம்பரைக் குடும்பங்களின் பெட்டிகளில் இருந்த அடங்கலும் சிட்டாவும் அதன்பின், எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் தேர்வெழுதி அடையக்கூடிய கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கு வந்துசேர்ந்தன.